யமகுச்சி யோஷிகோ: அந்தக் குரலை அந்தப் பெயரிலிருந்து பிரிக்க முடியுமா?

பதிவு 1 – கீழைக்காற்று

யமகுச்சி யோஷிகோவைப் பற்றி ஒரு விவாதத்தைத் தொடங்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். ஜப்பானிய நடிகை, பாடகி என்று ஒரே வரியில் அவரை அறிமுகப்படுத்திவிடலாம். ஆனால் அவர் பெரும்புகழ் பெற்ற ஆண்டுகளில், அவர் ஜப்பானியர் என்பதே அவரைப் பார்த்துக் கைதட்டிய மக்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. சீனாவில் அவர் லி ஷியாங்லான்; அதே எழுத்துகளை ஜப்பானிய முறையில் உச்சரித்தவர்களுக்கு ரி கோரன்; பிற்பாடு அமெரிக்காவில் ஷெர்லி யமகுச்சி.

1920 பிப்ரவரி 12 அன்று, சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில், இன்று ஷென்யாங் எனப்படும் முக்டென் நகருக்கு அருகே அவர் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஜப்பானியர். தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவன ஊழியர்களுக்குச் சீன மொழி கற்பித்துவந்த தந்தை, மகளுக்கும் சிறு வயதிலேயே அம்மொழியைக் கற்றுக்கொடுத்தார். நிலக்கரிச் சுரங்க நகரமான ஃபுஷுனில் வளர்ந்த அந்தச் சிறுமி, கேட்பவர் ஐயுறாத அளவுக்கு மாண்டரின் பேசினாள். காசநோய் கண்டு தேறிய பின், மூச்சு வலுப்பெறப் பாட்டுப் பயிற்சி நல்லது என்று சொல்லி, லியூபா என்ற ரஷ்ய யூதத் தோழி அவளைப் பொத்ரெசோவ் அம்மையார் என்ற ஆபரா பாடகியிடம் அழைத்துச் சென்றாள். சீனப் பாடலைப் பாடவும், இசைக்குறிப்பைப் படிக்கவும், ஜப்பானிய அலுவலர்களோடு பேசவும் தெரிந்த ஒரு சீனச் சிறுமியை முக்டென் வானொலி அப்போது தேடிக்கொண்டிருந்தது. அப்படி ஒருத்தி கிடைக்காததால், 1933இல் யோஷிகோவைப் பாட வைத்தார்கள். லி ஷியாங்லான் என்ற பெயரையும் வானொலி நிலையம் புதிதாகப் புனையவில்லை. அவருடைய தந்தையின் நண்பரான லி ஜிசுன் என்ற சீனத் தளபதி, நட்புக் குடும்பங்களுக்கிடையே வழங்கிய மரபுப்படி அவளைத் தம் மகளாக ஏற்றுச் சூட்டிய பெயர் அது. அன்பின் பொருட்டு வந்த பெயர் வஞ்சனைக்குப் பயன்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

1938இல், ஜப்பான் மஞ்சூரியாவில் நிறுவிய பொம்மை அரசான மஞ்சுகுவோவின் திரைப்படக் கழகமான மன்'எய் அவரை அழைத்தது. படத்துக்குப் பின்னணி பாடினால் போதும் என்று சொல்லி அழைத்துச் சென்றவர்கள், போன இடத்தில் ஒப்பனை செய்து கேமராவின் முன் நிறுத்திவிட்டார்கள் என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். பாட வந்தவர் நடிகையானார். அதனால்தான் என் கருத்தை இப்படி வைக்கிறேன்: அவருடைய போர்க்காலப் படங்கள் காலத்தோடு போகட்டும், பாடல்கள் நிற்கும். பாடகியை நடிகையிடமிருந்து பிரித்துத்தான் மதிப்பிட வேண்டும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 – இசைத்தட்டு

பாடல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன், ஏனெனில் அதைத்தான் நான் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன்.

1940களின் ஷாங்காயில் ஏழு பெரும் பாடகிகள் என்று எழுவரைக் குறிப்பிடுவது வழக்கம். ஷோ ஷுவான், யாவ் லீ, பாய் குவாங் முதலியோர் அடங்கிய அந்த வரிசையில் இடம்பெற்ற ஒரே ஜப்பானியர் இவர். ஷோ ஷுவானின் குரல் மெல்லிய இழை போன்றது. ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று, காதோடு பேசுவதுபோல் பாடுவார். இவருடையது அப்படியல்ல. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, உச்சத்தில் குரலை முழுவதும் திறந்துவிடும் ஐரோப்பிய ஆபராப் பயிற்சி ஒவ்வொரு வரியிலும் தெரியும். அப்படிப்பட்ட குரல் மெல்லிசைக்குப் பொருந்தாது என்றுதான் முதலில் தோன்றும். 1944இல் லி ஜின்குவாங் இசையமைத்த 'யே லாய் ஷியாங்' பாடலைக் கேட்டால் அந்த எண்ணம் மாறிவிடும். இரவில் மணக்கும் ஒரு பூவின் பெயர் அது. தாளம் ரும்பா, சொற்கள் சீனம், குரலின் பயிற்சி ஐரோப்பிய ஆபராவினது, பாடுபவரோ ஜப்பானியர். இவை எல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் மூன்று நிமிடத்துக்குள் கூடி நிற்கின்றன.

1945இல், போர் முடியச் சில மாதங்களே இருந்தபோது, ஷாங்காயின் பெரிய அரங்கு ஒன்றில் இந்தப் பாடலை முழு வாத்தியக் குழுவுக்காக விரித்தெழுதி அரங்கேற்றினார் ஜப்பானிய இசையமைப்பாளர் ஹத்தோரி ரியோய்ச்சி. ஜப்பானில் பகை நாட்டு இசை என்று ஜாஸ் தடைபட்டிருந்த காலத்தில், அவர் பூகி என்ற துள்ளலான ஜாஸ் தாளத்தை அங்கேதான் சோதித்துப் பார்த்தார். போருக்குப் பின் 'டோக்கியோ பூகி வூகி' என்று ஜப்பானையே ஆட்டிவைத்த அலையின் ஒரு வேர் ஷாங்காயில் இருக்கிறது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 'சூசோவ் இரவுப் பாடல்' இவருடைய இசைத்தட்டு என்று பலரும் எழுதுகிறார்கள். சைஜோ யாசோ எழுதி ஹத்தோரி இசையமைத்த அந்தப் பாடலை 1940இல் படத்தில் பாடியவர் இவர்தான். ஆனால் அப்போது இசைத்தட்டாக வெளிவந்தது வதனபே ஹமாகோவும் கிரிஷிமா நொபொருவும் பாடிய வடிவம். இவருடைய குரலிலான பதிவு பிற்காலத்தது.

பதிவு 3 – மறுகரை

நண்பர் இசைத்தட்டு குறிப்பிட்ட அந்தப் 'படத்தில்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. அந்தப் படத்தின் பெயர் 'சீன இரவு'. 1937இல் ஜப்பானியப் படை ஷாங்காயைப் பிடித்தது. ஆண்டின் இறுதியில் நான்ஜிங்கில் படுகொலை நடந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் வெளிவந்த படம் இது. ஜப்பானியக் குண்டுவீச்சில் வீட்டையும் பெற்றோரையும் இழந்த சீனப் பெண் ஒருத்தி ஜப்பானியரை வெறுக்கிறாள். ஹசெகவா கஸுவோ நடித்த கப்பல் அலுவலர் அவளுக்கு அடைக்கலம் தருகிறார். அவள் பணியாதபோது கன்னத்தில் அறைகிறார். அறை வாங்கியவள் அந்தக் கணத்தில் அவருடைய அன்பை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டு, காதலிக்கத் தொடங்குகிறாள். அடிபட்ட நாடு அடித்தவனை நேசிக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிட வெளிப்படையாக எடுக்க முடியாது. சீனப் பார்வையாளர்களுக்கு அந்த அறை ஓர் அவமானம், அதற்குப் பின் வரும் காதல் இரண்டாவது அவமானம் என்று யமகுச்சியே பின்னாளில் எழுதினார்.

இப்போது கேட்கிறேன்: அந்தக் காதலை நம்பவைத்தது எது? வசனமா? இல்லை. சூசோவின் நீர்க்கரையில் அவர் பாடும் அந்தப் பாடல்தான். பாடலைக் கழித்துவிட்டால் படத்தில் எஞ்சுவது ஒரு அறையும் ஒரு மன்னிப்பும் மட்டுமே. ஆகவே படம் போகட்டும், பாடல் நிற்கட்டும் என்று முதல் பதிவில் கீழைக்காற்று வகுத்த பிரிவினை, மருந்தைப் பொதிந்த சர்க்கரையை மட்டும் பாராட்டுவது போன்றது.

அவருடைய குரலின் ஆற்றலை ஆட்சியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1941 பிப்ரவரி 11, ஜப்பானியப் பேரரசு நிறுவப்பட்டதாகக் கொண்டாடப்படும் நாளில், டோக்கியோவின் நிச்சிகெக்கி அரங்கில் அவர் பாடினார். கூட்டம் அரங்கை ஏழரைச் சுற்றுச் சுற்றி நின்றது என்று இன்றும் சொல்கிறார்கள். காவலர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக் கலைக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் பார்க்க வந்தது ஜப்பானை விரும்பும் ஒரு சீனப் பெண்ணை. அப்படி ஒரு பெண் உலகில் இல்லை என்பது மன்'எய் தலைமைக்குத் தெரியும். 1939 முதல் அந்தக் கழகத்தின் தலைவராக இருந்தவர் அமகாசு மசாஹிகோ. 1923 நிலநடுக்கத்தின் குழப்பத்தில், அராஜகவாதியான ஒசுகி சகாயேயையும் எழுத்தாளர் இதோ நோயேவையும் உடனிருந்த ஆறு வயதுச் சிறுவனையும் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற ராணுவக் காவல் அதிகாரி அவர்.

பதிவு 4 – கீழைக்காற்று

மறுகரை சொன்னதில் மறுக்க முடியாத பகுதி பெரிது. சர்க்கரை என்ற உவமையை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஆயினும் அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். 'சீன இரவு' எடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பெய்ஜிங்கில் தந்தையின் மற்றொரு சீன நண்பரான பான் யூகுய் வீட்டில் தங்கி, பான் ஷுஹுவா என்ற பெயரில், சீன மாணவியாகவே அங்குள்ள பெண்கள் பள்ளியில் படித்தார். மாணவர் கூட்டம் ஒன்றில், ஜப்பானியப் படை நகருக்குள் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டபோது, நான் நகரத்தின் மதில்மேல் ஏறி நிற்பேன் என்று அவர் சொன்னாராம். எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வந்தாலும் முதலில் சாவது தாமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் மனத்தில் இருந்தது; கேட்டவர்களோ அதை நாட்டுப்பற்றாகப் புரிந்துகொண்டார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் அதுதான்.

1938இல் முதன்முறையாகத் தாய்நாட்டுக்குக் கப்பலில் வந்து ஷிமொனொசெகி துறைமுகத்தில் இறங்கியபோது, கடவுச்சீட்டைப் பார்த்த காவலர், முதல்தர நாட்டின் குடிமகளாக இருந்துகொண்டு இழிவான சீன உடையை அணிந்து அவர்கள் மொழியில் பேசுகிறாயே, வெட்கமில்லையா என்று கத்தினார். நட்பு, நல்லிணக்கம் என்று திரையில் தாம் பாடப்போவதன் உண்மை விலை அன்றே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1943இல் ஷாங்காயில் எடுக்கப்பட்ட 'வான்ஷி லியூஃபாங்' படத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அபினிப் போரையும், அபினி வணிகத்தை ஒடுக்கிய சீன அதிகாரி லின் சேஷூவையும் பற்றிய படம் அது. பிரிட்டனுக்கு எதிரான படம் என்று ஜப்பானியர் அதை அனுமதித்தார்கள். நாட்டுக்குள் புகுந்த எந்த அந்நியனையும் எதிர்க்கும் கதையாகச் சீன மக்கள் அதைப் பார்த்தார்கள். அதில் மிட்டாய் விற்கும் பெண்ணாக வந்து அவர் பாடிய பாடல்கள் சீனா முழுவதும் பரவின. அந்த வெற்றிக்குப் பின் பெய்ஜிங்கில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், சீனப் பெண்ணான நீங்கள் 'சீன இரவு' போன்ற படங்களில் ஏன் நடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். அறியா வயதில் செய்த பிழை, மன்னியுங்கள், இனிச் செய்ய மாட்டேன் என்று அவர் சொன்னதும் கைதட்டல் எழுந்தது.

பதிவு 5 – மறுகரை

அந்தக் கைதட்டல்தான் எனக்குத் துன்பம் தருகிறது. அவர்கள் மன்னித்தது வழி தவறிய ஒரு சீன மகளை. அப்படி ஒருத்தி அங்கே நிற்கவில்லை. தாம் ஜப்பானியர் என்று அந்தக் கூட்டத்தில் அறிவித்துவிட எண்ணியதாகவும், மூத்த செய்தியாளர் ஒருவர் வேண்டாம் என்று தடுத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். 1944இல் அவர் மன்'எய் கழகத்திலிருந்து விலகினார் என்பதை மதிக்கிறேன். ஆனால் விலகிய பின்னும் பெயர் மாறவில்லை. 'யே லாய் ஷியாங்' பாடலும் அந்தப் பெயரில்தான் வெளிவந்தது.

பதிவு 6 – வழக்கேடு

பெயரைப் பற்றிய இந்த வாதத்தை, ஒருவகையில், 1946இல் ஷாங்காய் நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்தது. எனக்குச் சட்ட வரலாற்றில் ஈடுபாடு உண்டு என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஜப்பான் சரணடைந்ததும், பகைவரோடு ஒத்துழைத்த சீனர்கள் மீது 'ஹான்ஜியான்', அதாவது இனத்துரோகம் என்ற குற்றம் சாட்டப்பட்டது. லி ஷியாங்லான் கைதானார். அவர் சுட்டுக் கொல்லப்படுவார் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் குற்றத்தின் அடிப்படை குடியுரிமைதான்: சீனர் மட்டுமே சீனாவுக்குத் துரோகம் செய்ய முடியும். எனவே அவர் தம் திறமையால் அதுவரை மறைத்துவந்த ஒன்றையே இப்போது மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. நீ சீனப் பெண் அல்ல என்றால் இவ்வளவு சுத்தமாகச் சீனம் பேசுவது எப்படி என்று விசாரித்தவர்கள் கேட்டார்கள். அவருடைய நடிப்பும் பாட்டும் அவருக்கு எதிரான சாட்சியங்களாயின.

காப்பாற்றியது ஒரு தாள். ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு வைத்திருக்கும் கொசெகி என்ற குடும்பப் பதிவேட்டின் நகல் பெய்ஜிங்கில் பெற்றோரிடம் இருந்தது. சிறுவயதில் அவரைப் பாட்டுப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற அதே லியூபாதான், ஒரு ஜப்பானியப் பொம்மைக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த அந்த நகல் ஷாங்காய் வந்துசேர உதவினார். சீனரல்லர் என்பதால் துரோகக் குற்றம் பொருந்தாது என்று விடுவித்த நீதிபதி, சீனப் பெயரில் அத்தகைய படங்களில் நடித்தது அறத்தின்பாற்பட்ட பிழை என்பதையும் சொல்லி, நாட்டைவிட்டு வெளியேற்றினார்.

இதோடு சேர்த்துக் கவாஷிமா யோஷிகோவின் முடிவையும் படிக்க வேண்டும். மஞ்சு அரச குலத்தில் பிறந்து ஜப்பானியர் ஒருவரால் மகளாக வளர்க்கப்பட்டு, ஜப்பானுக்காக உளவு பார்த்த அவரிடம் அப்படி ஒரு தாள் இருக்கவில்லை. 1948இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பதிவு 7 – புதுவாசகி

இவ்வளவும் நடந்தபோது அவருக்கு வயது இருபத்தாறுதான் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அதற்குப் பின் அவர் நடித்தாரா, பாடினாரா? அவரை அறியாத என்னைப் போன்றோர் எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 8 – வெள்ளித்திரை

அம்மா, நடித்தார், என் மதிப்பீட்டில் நடிகையாக அவருடைய சிறந்த ஆண்டு 1950தான். சொந்தப் பெயரான யமகுச்சி யோஷிகோ என்ற பெயரில் அந்த ஆண்டு இரண்டு முக்கியமான படங்கள் வந்தன.

முதலாவது, தனிகுச்சி செங்கிச்சி இயக்கி, குரோசாவா அகிராவும் சேர்ந்து திரைக்கதை எழுதிய 'விடியலில் தப்பியோட்டம்'. சீனப் போர்முனையில் ஒரு சாதாரண வீரனைக் காதலித்து அவனோடு தப்பியோடும் பெண்ணாக நடித்தார். இருவரையும் அதிகாரி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறார். தமுரா தைஜிரோவின் மூலக் கதையில் அந்தப் பெண், படையினரின் பாலியல் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஒரு கொரியப் பெண். அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கையில் பலமுறை மாற்றியெழுதப்பட்டு, திரையில் அவள் படையினரை மகிழ்விக்க வந்த ஜப்பானியப் பாடகியாகிவிட்டாள். இந்தச் செய்தியைக் கீழே வேறு யாராவது எடுத்துப் பேச வேண்டும் என்று விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, குரோசாவா இயக்கிய 'ஸ்கேண்டல்'. மிஃபுனே தொஷிரோ ஓவியராகவும் இவர் பாடகியாகவும் நடித்தனர். மலைப்பகுதி விடுதியில் தற்செயலாகச் சேர்ந்து நின்ற இருவரின் படத்தைக் கிசுகிசு இதழ் ஒன்று வெளியிட்டு, இல்லாத காதலை உண்டாக்குகிறது. தம்மைப் பற்றிய ஒரு பொய்யை ஊரே நம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணாக அவர் அதில் அதிகம் பேசுவதில்லை. அந்த அமைதி அவருடைய பழைய படங்கள் எதிலும் இல்லாதது.

அமெரிக்காவில் கிங் விடோர் இயக்கிய 'ஜப்பனீஸ் வார் பிரைடு' 1952இலும், சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'ஹவுஸ் ஆஃப் பாம்பு' 1955இலும் வெளிவந்தன. 1956இல் பிராட்வே மேடையில் 'ஷாங்ரி-லா' என்ற இசை நாடகத்தில் நடித்தார். அது சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று. சிற்பி இசாமு நொகுச்சியோடு 1951இல் நடந்த திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. 1958இல் ஓதகா ஹிரோஷி என்ற தூதரக அதிகாரியை மணந்து திரையிலிருந்து விலகினார்.

பதிவு 9 – மறுகரை

வெள்ளித்திரை விட்டுவைத்ததை நானே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவர்மீது எனக்குள்ள மதிப்பு முழுவதும் அவர் நடிப்பை விட்ட பிறகு செய்தவற்றிலிருந்தே வருகிறது.

1969இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் தொகுப்பாளராகத் திரும்பி வந்து, வியட்நாமுக்கும் பாலஸ்தீன மக்கள் வாழ்ந்த இடங்களுக்கும் சென்று செய்தி சேகரித்தார். 1974இல் லிபரல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வாகி, 1992 வரை பதினெட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1987இல் ஃபுஜிவாரா சாகுயாவோடு சேர்ந்து எழுதிய தன்வரலாற்றில், நாம் மேலே பேசிய பெரும்பாலான நிகழ்ச்சிகளைத் தாமே முன்வந்து எழுதிவைத்தார். தாம் நடித்த பழைய படங்களை மீண்டும் பார்த்து வெட்கப்பட்டதையும் அதில் மறைக்கவில்லை.

1995இல் ஆசியப் பெண்கள் நிதியம் அமைந்தபோது அதன் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். ஜப்பானியப் படை பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களுக்கு ஈடுசெய்வதற்காக அமைந்தது அது. இழப்பீட்டுப் பணம் அரசின் கருவூலத்திலிருந்து வராமல் பொதுமக்கள் நன்கொடையிலிருந்து வந்ததால், கொரியப் பெண்களில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அவர்களுடைய மறுப்பில் நியாயம் இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும், 1950இல் எந்தப் பெண்ணின் கதையிலிருந்து அவளுடைய நாடும் துன்பமும் நீக்கப்பட்டு, அந்த வெற்றிடத்தில் ஒரு பாடகியாக இவர் நின்றாரோ, அதே பெண்களுக்காக நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இவர் வந்து நின்றார். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

பதிவு 10 – கீழைக்காற்று

இந்த உரையாடலைத் தொடங்கியபோது பாடகியை நடிகையிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். 1946இல் நாடு திரும்பும் கப்பல் ஷாங்காயிலிருந்து நகர்ந்தபோது, வானொலியில் தம் குரலில் 'யே லாய் ஷியாங்' ஒலித்ததாக அவர் எழுதியிருக்கிறார். துரோகி என்று அவர்மீது வழக்குத் தொடுத்து, பின் நாடு கடத்திக்கொண்டிருந்த அதே நகரம்தான் அந்தப் பாடலை ஒலிபரப்பியது. பாடல் பாடியவரை விட்டு நீங்கி மக்களிடம் போய்விட்டது என்பதற்கு முன்பு இதையே சான்றாகக் கொண்டிருந்தேன். மறுகரையின் பதிவுகளைப் படித்த பின் வேறுவிதமாகத் தோன்றுகிறது: அந்த மக்கள் விரும்பியது ஒரு சீனக் குரலை, அது சீனக் குரல் அல்ல என்று அறிந்த பிறகும் விரும்பினார்களா என்பதுதான் கேள்வி. விரும்பினார்கள் என்றே நினைக்கிறேன். தெரசா டெங் அந்தப் பாடலை மீண்டும் பாடினார். 1990இல் ஹாங்காங்கில் ஜாக்கி சியுங் 'லி ஷியாங்லான்' என்ற பெயரிலேயே ஒரு பாடலைப் பாடினார். ஆனால் அதை முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. நாம் பாடலைக் கேட்டுவிட்டு அவர்கள் சார்பில் மன்னிப்பு வழங்க முடியாது.

புதுவாசகி கேட்டதற்கு என் பரிந்துரை இது. முதலில் 'யே லாய் ஷியாங்' பாடலின் 1944ஆம் ஆண்டுப் பதிவைக் கேளுங்கள். அடுத்து, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, 'சீன இரவு' படத்தில் அந்த அறை விழும் காட்சியையும் சூசோவ் பாடலையும் ஒரே அமர்வில் பாருங்கள்; இடையில் நிறுத்த வேண்டாம். அதன் பின் 'ஸ்கேண்டல்' படத்துக்கு வாருங்கள். காசநோயில் படுத்திருக்கும் வழக்கறிஞர் மகளின் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் காட்சி ஒன்று உண்டு. மிஃபுனே ஆர்மோனியம் போன்ற சிறு ஆர்கனை வாசிக்க, யமகுச்சி கிறிஸ்து பிறப்புப் பாடல் ஒன்றைப் பாடுகிறார். சிறுவயதில் காசநோயிலிருந்து தேறுவதற்காகப் பாட்டுப் பயின்றவர், தம் சொந்தப் பெயரோடு, காசநோயாளியான ஒரு சிறுமிக்காகப் பாடுகிறார். நான் முன்பு அந்தக் காட்சியைக் கவனிக்காமல் கடந்திருந்தேன். நேற்று மீண்டும் பார்த்தேன்.